தலையில் டையோடு எழுதிய உயில்

உயில் எழுத மனிதர்கள் எங்கெங்கோ உட்காருவார்கள். வக்கீல் அறையில் உட்காருவார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காருவார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்காருவார்கள். மிக்ஸியக்காவின் அப்பா இருக்கிறாரே, அவர் தன் உயிலைச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி, தலை முழுக்கக் கறுப்பு டை. டை ஊறும் நேரத்தில் மற்றவர்கள் பேப்பர் படிப்பார்கள், ஊர் வம்பு பேசுவார்கள், வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். இவர் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி, துணிக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து, தொடையில் ஒரு பழைய பத்திரிகையை வைத்து, தாளின் பின்பக்கத்தில் உயில் எழுதினார்.

பெரிதாக ஒன்றும் எழுதிவிடவில்லை. "நல்ல நினைவோடு என் கைப்பட எழுதுவது. எனக்குப் பிறகு என் வீடும், முன்னறைக் கடையும், உள்ளே இருக்கும் எல்லாச் சாமான்களும் என் மகளையே சேரும். வேறு ஒருவருக்கும் அதில் பாத்தியதை இல்லை." கீழே கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே சாட்சிகளின் கையெழுத்து. ஒன்று சலூன்காரருடையது. மற்றது, பக்கத்து நாற்காலியில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து வந்து போட்டுவிட்டுப் போன ஓர் எலக்ட்ரீஷியனுடையது. தாளின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை வேறு. டைதான்.

இந்தக் காகிதம் செல்லுமா செல்லாதா என்பதுதான் வழக்கு.

மிக்ஸியக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வீட்டின் முன்னறையில் அவள் மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி என்று எது வந்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "தண்ணிய மோட்டார்ல ஊத்திட்டு தானா நின்னுடுச்சுன்னு சொல்றீங்களே, மிக்ஸி என்ன பொய் சொல்லுமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். இருந்தாலும் கூட்டம் குறையாது.

அப்பா பஸ் டிரைவர். 'பிரேக் அண்ணன்' என்றால்தான் பணிமனையில் தெரியும். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிற ஆள்கூட ஒரு அடி நகர மாட்டார் என்பதால் வந்த பெயர். அவள் அம்மா அந்த பஸ்ஸில்தான் தினமும் வேலைக்குப் போய்வந்தாள், இடுப்பளவுகூட வளராத இந்தப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. பெண் டிரைவருக்கு நேர் பின்னால் உட்காரும். அவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவர் கண்களைப் பார்த்து டாட்டா காட்டும். "என்ன, இடக்கைக்காரி, சௌக்கியமா?" என்பார் அவர். "இது வலது கை" என்று இது சண்டைக்குப் போகும். அந்தச் சண்டை வளர்ந்து, டிரைவருக்கும் அம்மாவுக்கும் பேச்சாகி, பேச்சு கல்யாணமாகி, பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகவே இருந்தார்கள். அம்மா போன பிறகு இரண்டு பேர்.

ஆக, அவள் அவருக்குப் பிறந்தவள் இல்லை. சட்டப்படி தத்தும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். என்ன கேள்வி அது? தன் பிள்ளையை யாராவது போய்த் தத்து எடுப்பார்களா?

அப்பாவும் போன பிறகு, அவர் தம்பி, அதாவது சித்தப்பா, ஒரு நாள் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ நல்ல பொண்ணுதாம்மா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க ரத்தம் இல்லையே. அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது, தம்பிக்குத்தானே வரும். நீ வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கோ."

கொஞ்ச நாள் இருந்துக்கோவாம். அவள் கம்பி சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அலமாரியில் அப்பாவின் லைசென்ஸோடு மடித்து வைத்திருந்த காலண்டர் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் வக்கீலம்மாவிடம் போனாள்.

"இது செல்லுமா மேடம்? காலண்டர்ல எழுதியிருக்கார்."

"தாராளமா செல்லும்." வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கறையை மோந்துகூடப் பார்த்தார். "பத்திரத்தாள் வேணாம், பதிவு பண்ண வேணாம், என்னை மாதிரி வக்கீல் பக்கத்துல உக்காந்து எழுதவும் வேணாம். பிஸ்கட் பாக்கெட்ல எழுதினாலும் உயில் உயில்தான். எழுதினவருக்குப் புத்தி தெளிவா இருக்கணும். கையெழுத்த அவரே போட்டிருக்கணும். போடறத சாட்சிங்க கண்ணால பாத்திருக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப ஜெயிச்சிடுவோம்."

"அவசரப்படாத" என்றார் வக்கீலம்மா. வழக்குப் போட்டு, காகிதத்தை நிபுணருக்கு அனுப்பிய பிறகு ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "கையெழுத்து உங்க அப்பாவோடது இல்லைன்னு உங்க சித்தப்பா சொல்றார். கை நடுக்கம் வந்ததுக்கு அப்புறம் எழுதினது, பழைய கையெழுத்தோட ஒத்துப்போகல. கையெழுத்து நிபுணரும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டார். எலக்ட்ரீஷியன் கப்பல் வேலைக்குப் போனவர், எந்தக் கடல்ல இருக்கார்னே தெரியல. ஒரு சாட்சி வந்து சொன்னாலும் போதும். ஆனா அந்த ஒருத்தர் சொல்றது நிக்கணும். நமக்கு இருக்கிறது சலூன்காரர்தான்."

சலூன்காரரை அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. கடை பணிமனைக்கு எதிரே, வீட்டுக்கு எட்டத்தில் இருந்தது. அப்பா வேலையில் இருந்தபோதும் அங்கேதான், ஓய்வு பெற்ற பிறகும் பஸ் ஏறிப்போய் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வார். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். சம்மன் வந்ததும் கடையைச் சாத்திவிட்டு, சட்டைப் பையில் சீப்பு இருப்பதையும் மறந்து, நேரத்துக்கு முன்பே நீதிமன்றத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னார். பெரியவர் தன் கடையில்தான் எழுதினார். நல்ல நினைவோடுதான் இருந்தார், டை நெற்றியில் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும்போது தான் நாற்காலிக்குப் பின்னால் பிரஷ்ஷோடு நின்றிருந்ததாகவும், போட்டதைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகு எதிர்வக்கீல் எழுந்தார். சத்தம் போடாதவர், சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும்.

"பெரியவர உங்களுக்கு நல்லா தெரியுமோ?"

"கடை போட்டதுலேருந்து வர்றார். தலையில சுழி எங்க இருக்குன்னு கேளுங்க, சொல்றேன்."

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியே பேனாவை வாயருகே கொண்டுபோய்ச் சிரிப்பை மறைத்தார்.

"சுழி இருக்கட்டும். எந்தக் கையால கையெழுத்துப் போட்டார்?"

"இடது கையால."

சிரிப்பு நின்றுவிட்டது. மிக்ஸியக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்பா வலது கைக்காரர். போன வாய்தாவில் இதே கூண்டில் நின்று, "எங்க அப்பா வலது கையாலதான் எழுதுவார், அந்தக் கைதான் நடுங்கும்" என்று அவள் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்லை."

"யோசிக்க என்ன இருக்குங்க? இன்னும் கண்ணுலயே நிக்குது. இடது கையிலதான் பேனா இருந்துச்சு."

"வேற கேள்வி இல்லை" என்று எதிர்வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எதற்கு இன்னொரு கேள்வி? நீதிபதி எழுதிக்கொண்டார். சித்தப்பா கைக்குட்டையை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். சலூன்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல், சரியாகத்தானே சொன்னேன் என்கிற முகத்தோடு கூண்டிலிருந்து இறங்கினார்.

"சாட்சிகிட்ட போய்ப் பேசாத" என்று வக்கீலம்மா படியிறங்கும்போதே சொல்லிவிட்டார். "என்ன பேசினாலும் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நான் ஏதாவது வழி பாக்கறேன்."

கேட்கிற ஆளா அவள்? வீட்டுக்குப் போனாள், ஒரு மின்விசிறியைப் பிரித்தாள், திரும்பப் பூட்ட மனமில்லாமல் அப்படியே போட்டாள். முன்னறையைப் பார்த்தால் முன்னறை அழுகிற மாதிரி இருந்தது. வீடு போவது ஒரு பக்கம். அதைவிட, 'என் மகள்' என்று அப்பா எழுதிய காகிதத்தை ஒரு நீதிபதி பொய்க் காகிதம் என்று சொல்லப்போகிறார். அப்படிச் சொல்லிவிட்டால் அவள் யார்? அந்த வீட்டில் ரொம்ப நாள் தங்கிவிட்ட யாரோ ஒருத்தி. அதை நினைக்க நினைக்க நெஞ்சு கொதித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சலூனில் ஆள் இல்லை. சலூன்காரர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. இந்த டிரிம்மர் செத்துப் போச்சு, நீ பாப்பியாமே."

"கேஸ் முடியட்டும் அண்ணே. இப்ப தொட்டா லஞ்சம்னு சொல்வாங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க அப்பாவுக்கு வலது கைதான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? என் கடையில யாருக்கும் கையே கிடையாதும்மா. துணி போத்திட்டா தலை மட்டும்தான். உங்க அப்பா கைய நான் கவனிச்சதே அன்னிக்கு ஒரு நாள்தான்."

"அப்ப மாத்திச் சொல்லிடுங்க. பதட்டத்துல உளறிட்டேன், வலது கைதான்னு சொல்லுங்க. அதுதானே உண்மை?"

"உண்மை அதுவா இருக்கலாம். நான் பாத்தது அது இல்லையே."

"நீங்க பாத்ததுல என்ன அண்ணே பெரிய இது? வீடே போகப்போவுது."

அவர் துண்டை மடித்து வைத்தார். குரல் உயரவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? கோர்ட்ட விட்டு வந்ததுலேருந்து சோறு இறங்கல. எங்க தப்பு பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. ஆனா எத்தன தடவை நினைச்சுப் பாத்தாலும் இடது கையிலதான் பேனா தெரியுது. சத்தியம் பண்ணிட்டு, கண்ணு ஒண்ணு பாத்து வாய் ஒண்ணு சொன்னா, அப்புறம் நான் கத்தி பிடிக்கக் கூடாது. கண்ண மூடிக்கிட்டு கழுத்த நீட்டறாங்கம்மா என்கிட்ட."

"உங்க சத்தியத்துலயா நான் குடியிருக்க முடியும்?"

சொல்லிவிட்டாள். தொப்பென்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அப்பா உட்கார்ந்த நாற்காலி. சலூன்காரர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே பேசினார். அழாதே என்றார், நீதிபதி நல்லவராகத் தெரிகிறார் என்றார். அவள் நிமிர்ந்தாள். அவர் கண்கள் எதிரே இருந்தன. கண்ணாடியில். உள்ளே வந்ததிலிருந்து மனிதர் அவள் முகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. பேசியதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துத்தான்.

கண்ணாடிக்குள் ஒரு பெண் சிவந்த மூக்கோடு உட்கார்ந்திருந்தாள். அவள் டம்ளரை இடது கையில் பிடித்திருந்தாள். மிக்ஸியக்கா குனிந்து தன் கையைப் பார்த்தாள். வலது கை. மெதுவாக அந்தக் கையைத் தூக்கினாள். கண்ணாடிக்காரி இடது கையைத் தூக்கினாள்.

என்ன, இடக்கைக்காரி, சௌக்கியமா?

தண்ணீர் புரையேறிவிட்டது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. வாயைத் திறந்தாள், "அண்ணே, கண்ணாடி" என்று கத்தியிருப்பாள், ஆனால் தொண்டையிலேயே அதைப் பிடித்து நிறுத்தினாள். சொல்லிக் கொடுத்தால் அது அவர் சொல் ஆகாது, இவள் சொல் ஆகிவிடும். வாழ்க்கையில் அவள் வாயை மூடியது அபூர்வம். அதிலும் இந்தத் தடவை மூடியது இருக்கிறதே, எரிந்துகொண்டிருக்கிற மோட்டாரை வெறும் கையால் பிடித்த மாதிரி இருந்தது. டம்ளரை வைத்தாள், வரேன் அண்ணே என்றாள், ஓடிவிட்டாள்.

கண்ணாடி விஷயத்தை வக்கீலம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, "அவர்கிட்ட இதச் சொன்னியா?"

"சத்தியமா சொல்லல."

"மாத்திச் சொல்லச் சொன்னியா?"

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, போகாதன்னு." வக்கீலம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "சரி, விடு. ஒரே வழிதான் இருக்கு. நீதிபதியையே கடைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

நீதிபதி வந்தார். நடந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டால் வரலாம், அவர் வந்தார். இரண்டு வக்கீல்கள், குறிப்பெடுக்கும் குமாஸ்தா, சித்தப்பா, அவள் என்று எல்லோரும் உள்ளே நுழைந்ததும் அந்தச் சின்னக் கடையில் மூச்சுவிட இடமில்லை. வாசலில் பணிமனைக்காரர்கள் கூடிவிட்டார்கள். நீதிபதி நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு உச்சியில் ஒரு முடி கிடையாது.

"அன்னிக்கு நடந்த மாதிரியே எல்லாம் செய்யுங்க. டை மட்டும் வேணாம், அந்தச் செலவு எனக்கு இல்லை."

சலூன்காரர் துணியை உதறிப் போர்த்தினார். நீதிபதி கைகளை வெளியே எடுத்து, பத்திரிகையைத் தொடையில் வைத்து, ஒரு தாளில் பேனாவை ஊன்றினார். எதிர்வக்கீல் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் பின்னால் போய் நின்றார், கையில் காய்ந்த பிரஷ்ஷோடு.

"பெரியவர் எழுதும்போது நீங்க எங்க பாத்துட்டிருந்தீங்க? விரல் நீட்டிக் காட்டுங்க."

அவர் விரல் நீதிபதியின் பக்கமே வரவில்லை. தலைக்கு மேலாக நீண்டு எதிரே காட்டியது. "இங்கதாங்க. இங்கேருந்து மடி தெரியாது, நாற்காலி முதுகு மறைக்கும். மேல குனிஞ்சா டை சொட்டும். இங்க எல்லாமே கண்ணாடியிலதாங்க."

நீதிபதி தன் பெயரை எழுதத் தொடங்கினார். "இப்ப நான் எந்தக் கையால எழுதறேன்?"

சலூன்காரர் கண்ணாடியில் இருந்த வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்தார். "இடது கை."

நீதிபதி பேனாவோடு கையைத் தூக்கி, அப்படியே திரும்பி அவருக்குக் காட்டினார். வலது கை. சலூன்காரர் கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, அப்ப நான் கோர்ட்டுல தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க பாத்தத சொல்லியிருக்கீங்க" என்றார் நீதிபதி.

மிக்ஸியக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் எதிர்வக்கீல் சும்மா விடுவாரா? அதே சிரித்த முகத்தோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஒரே ஒரு விஷயம். அந்த வாய்தாவுக்கு அப்புறம் இந்தப் பொண்ணு உங்கள வந்து பாத்தாங்களா?"

சலூன்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடுங்கள் அண்ணே என்று அவள் மனசு கெஞ்சியது. அப்படிக் கெஞ்சியதற்காக அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

"வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வலது கைன்னு மாத்திச் சொல்லச் சொன்னாங்க."

வாசலில் நின்றவர்கள்வரை முணுமுணுப்பு போயிற்று. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றார் சித்தப்பா யாரிடமோ. அவளுக்குத் தரை பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி துணியோடு திரும்பி அவளைப் பார்த்தார்.

"உண்மையா?"

"ஆமாங்க ஐயா" என்றாள். பக்கத்தில் பொய்யே சொல்லத் தெரியாத ஒரு மனிதர் நிற்கும்போது வேறு என்ன சொல்ல வாய் வரும்?

"நீங்க என்ன சொன்னீங்க?" நீதிபதி சலூன்காரரிடம் கேட்டார்.

"முடியாதுன்னேன். நான் பாத்தது இடது கைதான்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"கண்ணாடியப் பத்தி அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லைங்க. இப்ப நீங்க கைய தூக்கிக் காட்டினப்பதான் எனக்கே உறைச்சுது."

எதிர்வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மெல்ல மடித்தார். அவர் கெட்டிக்காரர், சட்டென்று அவருக்கும் புரிந்துவிட்டது. கூட்டுச் சேர்ந்து பொய்ச் சாட்சி சொல்கிறவன் இடது கை என்றா சொல்வான்? ஊருக்கே தெரிந்த வலது கையைத்தானே சொல்வான்? அங்கே நின்று, அந்தக் கண்ணாடியில் பார்த்த ஒருவனுக்குத்தான் அந்தத் தப்பு வரும். மாற்றிச் சொல்லும்படி கெஞ்சியும் மாற்றாதவன் வாயிலிருந்து வந்த தப்பு அது. இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, கடைசியாக ஒன்று கேட்டார்.

"கண்ணாடியில பாத்தது நேர்ல பாத்ததா ஆகுமாங்க ஐயா?"

"நீங்க கார் ஓட்டறீங்க இல்லையா?" நீதிபதி துணியைக் கழற்றிக் கொடுத்தபடி எழுந்தார். "பின்னால வர்ற ஆள கண்ணாடியில பாத்துட்டே இடிச்சுட்டு, நான் பாக்கவே இல்லைன்னு என் முன்னாடி வந்து சொல்வீங்களா?"

வாசலில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தீர்ப்பு நாளன்று நீதிபதி முதலில் அவளைத்தான் பிடித்தார். சாட்சியைப் போய்ப் பார்த்தது பெரிய தவறு, இவருக்குப் பதில் வேறொருவர் சாட்சியாக இருந்திருந்தால் வழக்கே போயிருக்கும் என்று கண்டித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதானே? பிறகு உயிலுக்கு வந்தார். எழுதிய தாளும் எழுதிய இடமும் உயிலுக்குக் குறையாகாது என்றார். சலூன்காரரின் சாட்சியத்தை முழுமையாக நம்புவதாகவும், தன் பணிக்காலத்தில் இப்படியொரு சாட்சியைப் பார்ப்பது அரிது என்றும் சொன்னார். கடைசியாக, பிள்ளையில்லாத மனிதர் 'என் மகள்' என்று எழுதியதே புத்தி தெளிவில்லாததற்கு அடையாளம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டதை எடுத்துக்கொண்டார்.

"யாரைத் தன் மகள் என்று சொல்கிறோம் என்பதில் எழுதியவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. உயில் செல்லும்."

அவள் அங்கே அழவில்லை. வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள், அவர் வலிக்கிறது என்று சொல்லும்வரை. வாசலில் சித்தப்பா ஒதுங்கி நின்றார். "டீ குடிக்க வாங்க சித்தப்பா" என்றாள். அவர் படியிறங்கிப் போனார்.

மறுநாள் ஸ்க்ரூடிரைவர் பையோடு சலூனுக்குப் போனாள். சலூன்காரர் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். அவள் டிரிம்மரை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தாள். உள்ளே முடி அடைத்துப் பல்சக்கரம் இறுகிக் கிடந்தது.

"எண்ணெய் விட்டே எத்தன காலம் ஆச்சு? இது எப்படி அண்ணே ஓடும்? உங்களுக்குத் தலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் போல."

"திட்டு, திட்டு. இப்ப திட்டலாம்" என்றார் அவர்.

வந்தவர் காசு கொடுத்துவிட்டுப் போனார். அவள் பிரஷ்ஷால் சக்கரத்தைச் சுத்தம் செய்துகொண்டே, பார்க்காமல் கேட்டாள். "என் மேல கோவம் இல்லையே அண்ணே? அன்னிக்கு உங்கள பொய் சொல்லச் சொன்னேன்."

"அது போகட்டும். உனக்கு என் மேல கோவமா இருக்கும்னு நினைச்சேன். நீதிபதிகிட்ட உன்னக் காட்டிக் கொடுத்துட்டேனே."

"நீங்க காட்டிக் கொடுக்கலேன்னா நான் தோத்திருப்பேன். இந்த ஜென்மத்துல உங்கள மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல." அவளுக்கு இப்படியெல்லாம் பேசி வழக்கமில்லை, ஸ்க்ரூவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

சலூன்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்று துணியை உதறினார். கண்ணாடியில் அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு ஆறல. இந்த நாற்காலியில உக்காந்தா யாரும் எதையும் மறைக்க மாட்டாங்கம்மா. பொண்டாட்டி சண்டை, மேனேஜர் திட்டினது, எல்லாம் கொட்டிடுவாங்க. உங்க அப்பாவும் அப்படித்தான், வாய் ஓயாது. நீ முதமுதல்ல ரேடியோவப் பிரிச்சுப் போட்டது, பள்ளிக்கூடத்துல சண்டை போட்டது, கடை திறந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். உன் வாய் நீளம்கூட அவர் சொல்லித்தான் தெரியும்."

"அதையுமா சொன்னாரு?"

"எல்லாம் சொன்னாரு. நீ அவர் பெத்த பொண்ணு இல்லைங்கறத மட்டும் ஒரு நாளும் சொல்லல. அந்த வக்கீல் கோர்ட்டுல சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். அவள் கண்ணைக் கண்ணீர் மறைத்துக்கொண்டே இருந்ததால் கடைசியில் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.